உலை கொடுத்த மிஸ்டு கால்

என் பொடிசு,

நிலைப்படியில் தலை இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்தவனை இன்னமும் பொடிசு என்கிறேன் என்று கோபித்துக்கொள்வாய். திருநள்ளாறு கடைத்தெருவில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே ஒருமுறை அப்படிக் கூப்பிட்டதற்கு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாயே. "பேரு வச்சீங்கல்ல, அதச் சொல்லிக் கூப்புட்டா வாய் நோவுமா?" என்றாய். இப்போது கோபித்துக்கொள்ள நீ இல்லை. அதனால் ஆசைதீரக் கூப்பிடுகிறேன்.

ஐந்தாவதோடு நின்றுபோன எழுத்து இது. எந்த இடத்தில் எந்த ல போடுவது என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். தப்பிருந்தால் நீ திருத்திக்கொள். உன் ஆண்டுத் திதிக்கு நோட்டீஸ் அடிக்கலாம், உன் படத்தைப் போட்டுக் கீழே நாலு வரி போடலாம் என்று உன் அப்பா சொன்னார். அச்சுக்கடைக்காரர் தயாராக வைத்திருந்த வரிகளைப் படித்துக் காட்டினார். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அதில் நீ இல்லை. எனக்குச் சொல்லச் சேதி இருக்கிறது, நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஊரில் நாலு பேர் படிக்கட்டும். முக்கியமாக உன் கம்பெனிக்காரர்கள் படிக்கட்டும். நீ வைத்த அலாரத்தைப் பற்றித் தப்பாகப் பேசினார்களே, அவர்கள்.

உன் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய அலுமினியச் சாமான்களை உருக்கிக் கட்டியாக ஊற்றுகிற கம்பெனி. உலை ஒரு வீட்டு அறை அளவு இருக்கும் என்பாய். அதன் உள்சுவர் நாளாக நாளாகத் தேயும். ரொம்பத் தேய்ந்தால் வெளிச்சுவர் சூடாகும். அப்போது கவனிக்காமல் விட்டால் சுவரைப் பிளந்துகொண்டு உருகினது வெளியே வந்துவிடும். மணி அடித்துச் சொல்லலாம் என்றால், அங்கே இருக்கிற இரைச்சலில் இடி இடித்தாலும் காது கேட்காது. அதனால் சுவர் சூடு கூடினால் ஆட்களுடைய செல்போனுக்குக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பெட்டி செய்யச் சொன்னார்கள். பெட்டியை வாங்கிவிடலாம். அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவதுதான் வேலை. அதை எழுதியது என் பிள்ளை.

எழுதியது எங்கே என்று அவர்களுக்குத் தெரியுமா? என் அடுப்படியில்!

சூடு பார்க்கிற கம்பியைக் கொண்டுவந்து என் சோற்றுப் பானைக்குள் தொங்கவிட்டாய். மறுமுனை பெட்டியில். பெட்டியிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்கு. அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு தட்டிக்கொண்டே இருந்தாய். பக்கத்து வீட்டு மலர் சித்தி வந்து பார்த்துவிட்டு, "ஏங்க்கா, சோத்துக்கு ஈசிஜி எடுக்குறானா?" என்று கேட்டாள். நீ தலை நிமிரவில்லை.

முதலில் பெட்டி சும்மா சும்மாக் கத்தியது. நான் தீயைக் கூட்டினால் கத்தியது. மூடியைப் போட்டால் கத்தியது. நான் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினதும் அடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "இப்புடி அவசரப்பட்டா ஆளுங்க இத ஒரே வாரத்துல அணைச்சுப் போட்டுடுவாங்கம்மா. அங்கயும் கதவு தொறக்குறப்ப சூடு ஏறி எறங்கும். அதுக்கெல்லாம் கத்தக் கூடாது" என்றாய். பிறகு எனக்கு விளக்கம் சொன்னாய். "இதுக்குத் தானா ஒண்ணும் தெரியாது. ஒவ்வொண்ணா சொல்லணும். சூடு இவ்வளவு போனா கவனி. ஒடனே கத்தாத. கொஞ்ச நேரம் பொறு. அப்பவும் எறங்கலேன்னா மொத ஆளக் கூப்புடு. எடுத்தா நிறுத்து. எடுக்கலேன்னா அடுத்த ஆளக் கூப்புடு."

"வர்ற மருமவளுக்குப் பாடம் சொல்ற மாதிரி இருக்கேடா" என்றேன்.

"அவளுக்கு நீ சொல்லிக்க. அவ எடுப்பாளோ மாட்டாளோ!"

எடுத்தா நிறுத்து. அன்றைக்கே என் காதில் விழுந்த வார்த்தைதான். அப்போது எனக்கு அது ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

சோதிப்பதற்கு, கூப்பிட்டால் எடுக்காத ஒரு நம்பர் உனக்கு வேண்டியிருந்தது. முதல் ஆள் எடுக்காவிட்டால் இரண்டாவது ஆளுக்கு ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். என் நம்பரைப் போட்டாய். ஏனென்றால் உன் போனை நான் எடுத்ததே கிடையாது.

படிக்கிறவர்கள் தப்பாக நினைக்கக் கூடாது. இது எங்கள் வீட்டுப் பழக்கம். நீ பாலிடெக்னிக் போன காலத்தில், பேசினால் காசு போகும் என்று ஆரம்பித்தது. பஸ் ஏறினதும் ஒரு ரிங் விடுவாய். கிளம்பிவிட்டேன், சோற்றை வை என்று அர்த்தம். அப்புறம் பேசுவதற்குக் காசே இல்லை என்று ஆகிவிட்டது, உனக்கும் வண்டி வந்துவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. சாயந்தரம் ஒரு ரிங். நான் போனைப் பார்க்கக்கூட மாட்டேன், கை தானாகப் பானைக்குப் போகும்.

பெட்டிக்குள் உன் பழைய சிம்மைப் போட்டாய். உனக்குக் கம்பெனி புது நம்பர் கொடுத்திருந்தது. என் போனில் பழைய நம்பருக்கும் பொடிசு, புது நம்பருக்கும் பொடிசு. "எனக்கு இப்ப ரெண்டு பிள்ளையாடா?" என்றேன். "ஆமா, ஒண்ணுக்குப் பசி எடுத்தா கூப்புடும். இன்னொண்ணுக்குக் காய்ச்சல் அடிச்சா கூப்புடும்" என்றாய். பெட்டி கம்பெனிக்குப் போனது. எப்போதாவது உலைக்குக் காய்ச்சல் அடிக்கும். என் போன் அடித்து அடித்து ஓயும். பிறகு பக்கத்து வீட்டு ராசேந்திரன் சித்தப்பாவுக்குப் போகும். உலைக்குப் பொறுப்பு அவர்தானே. அவர் எடுத்துக்கொண்டு ஓடுவார். எல்லாம் நீ எழுதினபடி நடந்தது.

பிறகு அந்தச் சனிக்கிழமை.

சாயந்தரம் ஒரு ரிங் வந்தது. எடுக்கவில்லை. சோற்றை வடித்தேன், மத்திக் குழம்பைச் சூடு பண்ணினேன், தட்டைக் கழுவி வைத்தேன். நீ வரவில்லை. கோயில் கூட்டத்து வேன் ஒன்று சாலையில் திரும்பியது, நீ நேராக வந்தாய் என்று சொன்னார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த ரிங்கை எடுத்திருந்தால் நீ நின்று ரெண்டு வார்த்தை பேசியிருப்பாய். "என்னம்மா அதிசயமா எடுத்துட்ட?" என்று கேட்டிருப்பாய். அதற்குள் அந்த வேன் திரும்பிப் போயிருக்குமா? எத்தனை பேர் எத்தனை விதமாகச் சமாதானம் சொன்னார்கள். இந்தக் கேள்வி மட்டும் எங்கேயும் போகவில்லை, என் கூடவே களைக்கொத்து மாதிரி வயலுக்கு வந்து வீட்டுக்குத் திரும்புகிறது.

கருமாதி முடிந்து ஆட்கள் எல்லாம் போன பிறகு ஒருநாள், நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பார்த்தால் பொடிசு. நீ சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு நிற்கிற அந்தப் படம்.

பெட்டிதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. சங்கைக் காதில் வைத்தால் வருமே, அந்த மாதிரி ஓர் இரைச்சல். "சாப்டியாடா?" என்றேன். கொஞ்ச நேரத்தில் அதுவே கட்டாகிவிட்டது.

அதற்கப்புறம் வந்ததெல்லாம் எடுத்தேன். ஆடு குட்டி போட்டது சொன்னேன். உன் அப்பா லாட்ஜ் வேலைக்கு மறுபடி போக ஆரம்பித்தது சொன்னேன். உன் சட்டைகளில் ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதைச் சொன்னேன். ஒருநாள் உன் அப்பா பார்த்துவிட்டார். "இரும்புப் பெட்டிகிட்ட என்னடி பேசற?" என்றார். "நீங்க சாமி படத்துக்கிட்டப் பேசல?" என்றேன். அவர் அப்புறம் கேட்கவில்லை. ஆனால் போன் அடித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

ஒரு மத்தியானம் களை பறித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் போன் அடித்தது. வரப்பில் ஏறி, சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். அன்றைக்கு நிறையப் பேசினேன். மழை சரியாகப் பெய்ததையும் பயிர் கருகருவென்று நிற்பதையும் சொன்னேன். மனசு லேசாகி, திரும்பச் சேற்றில் இறங்கினேன்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டில் கூட்டம். உலைச் சுவர் பிளந்துவிட்டதாம். உருகினது ஒழுகி, ராசேந்திரன் சித்தப்பா பாதத்தில் தெறித்து, பூட்ஸைத் தாண்டிச் சுட்டுவிட்டதாம். காரைக்கால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மலர் சித்தி என்னைப் பார்த்ததும் அழுதாள். "போன் அடிக்கவே இல்லையாம்க்கா. கையிலயேதான் வச்சிருந்துருக்காரு. நம்ம தம்பி வச்ச அலாரம் இப்புடிக் கழுத்தறுத்துடுச்சே." அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவன் சொன்னான்: "சூப்பர்வைசரு அப்பவே சொன்னாரு. சின்னப் பய செஞ்ச டப்பா, கழட்டி எறிங்கன்னு."

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட உன் வேலையை யாரும் குறை சொல்லவில்லையே.

மறுவாரம் நஸீரா வந்தாள். நீ இருந்த இடத்துக்கு வந்திருக்கிற பெண். திருமலைராயன்பட்டினம். ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கையில் இருந்த போனில் ஒரு நம்பரைப் போட்டாள். என் இடுப்பில் அடித்தது. அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"அம்மா, இது உங்க நம்பரா? போன வாரம் மத்தியானம் இதுக்கு ஒரு கால் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. என் மவன் போனு."

அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன். பேசினேன்."

"யார்கிட்டம்மா பேசினீங்க?"

சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அலாரம் ஏமாற்றவில்லை. சூட்டைச் சரியாகக் கவனித்திருக்கிறது, சரியாகப் பொறுத்திருக்கிறது, சரியான நேரத்தில் கூப்பிட்டிருக்கிறது. முதல் நம்பர் என்னுடையது. நான் எடுத்துவிட்டேன். எடுத்தால் விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் ராசேந்திரனைக் கூப்பிடவில்லை. அதற்கு முன் நான் எடுத்த தடவைகளில் சூடு தானாகவே இறங்கிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

எடுத்தா நிறுத்து.

பொடிசு, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் பிள்ளை எழுதினது பொய்க்கவில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது. அந்த மூச்சு இறங்குவதற்குள் ராசேந்திரனுடைய வெந்த பாதம் ஞாபகம் வந்தது. அவர் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் ஞாபகம் வந்தார்கள். நான் பயிர் பச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே சுவர் சிவந்துகொண்டிருந்திருக்கிறது.

"நீங்க தெரியாம எடுத்ததும்மா. எங்க வாப்பா சவுதியில இருந்தப்ப மிஸ்டு கால்தான் குடுப்பாங்க. உம்மா ஒருநாள் மறந்துபோய் எடுத்துட்டு, காசு போச்சேன்னு அன்னைக்கு முழுக்கத் தன்னையே ஏசிக்கிட்டாங்க. வாப்பா மவுத்தாகி எங்கள விட்டுப் போன பொறவும், அந்த நம்பர் இன்னமும் உம்மா போன்ல இருக்கு." சொல்லிவிட்டு நஸீரா தரையைப் பார்த்தாள். "கம்பெனிக்கு எழுதிக் குடுக்குறப்ப, டெஸ்ட் நம்பர மாத்தாம விட்டுருக்குன்னு மட்டும் போட்டுக்கிறேன். உங்க பேர் வராது."

"அப்ப தப்பு அவன் தலையில போவும்."

"டெஸ்ட் நம்பர அவர் அழிச்சிருக்கணும்தாம்மா" என்றாள். பொய் சொல்லவில்லை அந்தப் பெண். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

"ரெண்டையும் போடு. அவன் விட்டதையும் போடு, நான் எடுத்ததையும் போடு" என்றேன்.

ராசேந்திரன் வீட்டுக்கு வந்ததும் நானே வேலியைத் தாண்டிப் போனேன். காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மலர் கரண்டியும் கையுமாக நின்றாள்.

"அடப்பாவி அண்ணி, எனக்கு வர வேண்டிய போன்ல நீங்க கத பேசிட்டீங்களா?" என்றார். கோபமா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்: "அவங்கிட்ட என்னதான் பேசினீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. களை பறிச்சத."

"என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னீங்களா?"

"நீ சட்டினி கேட்டு மலர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதச் சொன்னேன்."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அடுத்த தடவை வந்தபோது நஸீரா கேட்டாள், "ஒங்க நம்பர ஒரேயடியா எடுத்துடவாம்மா, இல்ல கடைசியில வைக்கவா? யாருமே எடுக்கலேன்னா மட்டும் ஒங்களுக்கு வரும்."

ஆசையாக இருந்தது. வருஷத்தில் ஒரு தடவை வந்தாலும் போதுமே. ஆனால் ராத்திரி படுத்தபோது யோசித்தேன். யாருமே எடுக்காமல் எனக்கு வருகிறது என்றால், அங்கே மனுஷர்கள் ஆபத்துத் தெரியாமல் நிற்கிறார்கள் என்று அர்த்தம். இத்தனை மாதமாக நான் எதற்குக் காத்துக்கொண்டிருந்தேன்? உன் பேர் போனில் வர வேண்டும் என்று. உன் பேர் வர வேண்டுமானால் உலைச் சுவர் கொதிக்க வேண்டும். நான் வேண்டிக்கொண்டது அதைத்தானா? இதை நினைத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

விடிந்ததும் அவளுக்குப் போன் போட்டு, எடுத்துவிடு என்றேன்.

"சரிம்மா. ஆனா மாத்துறதுக்கு முன்னாடி அவர் எழுதினபடியே ஒரு தடவை ஓட்டிப் பாத்து, மேல காட்டணும். மொத கால் ஒங்களுக்கு வரும். தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க. எடுக்காம இருந்தாத்தான் அடுத்ததுக்குப் போவுதான்னு தெரியும்."

நீ அரிசி மூட்டையில் உட்கார்ந்து சொன்ன அதே வேலை.

அன்று சாயந்தரம் அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்தது. பொடிசு. காலரைத் தூக்கிவிட்ட படம். கையைக் கையால் பிடித்துக்கொண்டேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. இத்தனை நேரமா ஒரு போன் அடிக்கும்? உன் அப்பா இந்தத் தடவை வாசலுக்குப் போகவில்லை. வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். நின்றுவிட்டது.

ஒரு மூச்சு விடுகிற நேரம். வேலிக்கு அந்தப் பக்கம் ராசேந்திரனுடைய போன் நாதஸ்வரம் வைத்துக்கொண்டு அலறியது. "யோவ், இருய்யா, நொண்டிக்கிட்டு வர்றேன்ல!" என்று கத்தினார். பிறகு போனை எடுத்து, பெட்டிப் பக்கத்தில் நிற்கிற நஸீராவுக்கும் கம்பெனி முழுக்கவும் கேட்கிற குரலில் சொன்னார்: "வந்துடுச்சு தாயி! எம் புள்ள வச்சது வந்துடுச்சு! போய் அந்த சூப்பர்வைசர்கிட்ட சொல்லு!"

நான் எழுந்து சோற்றைத் தட்டில் போட்டேன். கை பழக்கம். உன் அப்பாவுக்குத்தான் போட்டேன் என்று வைத்துக்கொள்.

இப்போது பெட்டி உலைப் பக்கத்திலேயே இருக்கிறது. கழற்றி எறியவில்லை. நஸீரா உன் எழுத்தில் ஓர் இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறாள். எடுத்தால் மட்டும் போதாது, எடுத்தவர் போனில் ஓர் எண்ணை அழுத்தினால்தான் நிறுத்தும். கோபப்படாதே. நல்ல மாற்றம். நீ இருந்திருந்தால் "அட, இது எனக்குத் தோணலையே" என்று தலையில் தட்டிக்கொண்டிருப்பாய்.

இனி என் போனில் உன் பேர் வராது. நான் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த உலைக்குக் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்று ஒருபோதும் நினைக்க மாட்டேன். பக்கத்து வீட்டில் போன் அடித்து, ராசேந்திரன் அசந்து தூங்கினால், வேலியைத் தாண்டிப் போய் உலுக்கி எழுப்புவேன். உன் வரிசையில் என் வேலை இனி அதுதான்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். மறந்துவிட்டிருப்பார் என்கிறாள் நஸீரா. இருக்கலாம். ஆனால் சோற்றுப் பானை மூடியைக்கூட ரெண்டு தரம் சரிபார்க்கிறவன் நீ. சொல்லுடா பொடிசு, என் நம்பரை அதில் மறந்து விட்டாயா, உன் பேர் என் போனில் வந்துகொண்டே இருக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டு வைத்தாயா?

போனை எடுக்காத,
உன் அம்மா
குரும்பகரம்